ஓர் ஆங்கிலேயருக்கு நான் எழுதிய கல்வெட்டு

உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுத எனக்கு வராது. இதைச் சொல்ல வெட்கப்படவில்லை. தச்சரைச் சோறு சமைக்கச் சொன்னால் அடிப்பிடிக்காதா, அதுபோலத்தான்.

பாரிஸில், ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவின் மேல் முனையில், லாச்சப்பல் என்று நாம் எல்லோரும் சொல்லும் இடத்தில், ஒரு தமிழ் அச்சகத்தில் எனக்கு வேலை. கலியாணக் கார்ட், பெண் பெரியவளானதற்கு நடத்தும் சாமத்திய வீட்டுக் கார்ட், புடவைக்கடைத் திறப்புவிழா நோட்டீஸ் எல்லாம் அடிப்போம். ஆனால் எனக்குப் பெயர் வாங்கித் தந்தது கல்வெட்டு. (கோயில் சுவரில் இருக்கும் கல்லை நினைத்துவிடாதீர்கள்.) யாழ்ப்பாணத்தார் வீட்டில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வருவோருக்கு அவருடைய வாழ்க்கை வரலாற்றைப் படத்தோடு ஒரு சிறு புத்தகமாகக் கொடுப்பார்கள். அதுதான் கல்வெட்டு. பாரிஸில் அதை எழுத என்னை விட்டால் ஆளில்லை என்று அந்தக் காலத்தில் நானே நம்பியிருந்தேன்.

கல்வெட்டில் கெட்டவர் என்று ஒருவரும் கிடையாது. ஊரெல்லாம் குடித்துவிட்டுச் சண்டை பிடித்தவரை, 'எல்லோருடனும் கலகலப்பாகப் பழகும் சுபாவம் கொண்டவர்' என்று எழுதுவேன். ஒருவரோடும் முகம் கொடுத்துப் பேசாதவர் 'அமைதியே உருவானவர்' ஆகிவிடுவார். மருமகளை உண்டு இல்லை என்று பண்ணிய மாமியார், 'குடும்பத்தின் மீது கண்ணும் கருத்துமாக இருந்தவர்'. இறந்தவர் எல்லோரும் 'அன்னார்'. அன்னார் பிறந்தார், அன்னார் படித்தார், அன்னார் புலம்பெயர்ந்தார். கணினியில் இதற்கென்று ஒரு மாதிரிப் பக்கம் வைத்திருந்தேன். நடுவில் மாலை போட்ட சட்டத்துக்குள் படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, இடது பெட்டியில் பிறப்புக்கு 'மலர்வு', வலது பெட்டியில் இறப்புக்கு 'உதிர்வு'. பெயரையும் திகதியையும் மாற்றினால் வேலை முடிந்தது.

இதெல்லாம் சோற்றுக்கு. என் உயிர் இருந்தது கிற்றாரில்.

ஊரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தபோது பிடித்த பைத்தியம் அது. பாரிஸுக்கு வந்த பிறகு அது ரொக் பைத்தியமாக முற்றியது. எங்கள் சங்கத்தின் தமிழ்ப் பள்ளியில் சனிக்கிழமைகளில் கிற்றார் வகுப்பு எடுத்தேன். பரதநாட்டிய வகுப்பில் நிற்க இடமிருக்காது. மிருதங்க வகுப்பில் பிள்ளைகள் நடைபாதையிலும் இருந்து தட்டுவார்கள். என் வகுப்பில் நாலைந்து பேர். அதில் ஒருத்தி என் மகள் நிலா. அவளுக்கு வேறு வழியில்லை.

சங்கச் செயலாளர் பரமநாதன் அண்ணைக்கு அந்த அறை கண்ணில் குத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, ஆண்டு விழா முடிந்ததும் கிற்றாரை நிறுத்திவிட்டு அறையை மிருதங்கத்துக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். நான் வாதாடினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பிள்ளை, கோபிக்காதை. கிற்றார் படிச்சு ஆர் நல்லாய் வந்தவை, சொல்லு பாப்பம்."

என் மனதில் வந்த பெயர்களில் பாதிப் பேர் போதையில் போனவர்கள். மீதிப் பேரின் தலைமுடியைப் பரமநாதன் அண்ணை ஏற்றுக்கொள்ள மாட்டார். வீட்டுக்கு வந்து என் கணவரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் பருப்பைக் கிண்டியபடி, "அவர் கேட்டதிலை ஒரு நியாயம் இருக்கு" என்றார். அன்றைக்கு அந்தப் பருப்பை நான் தொடவில்லை.

அடுத்த வாரம்தான் தெய்வம் தோசைக்கடையில் காட்சி கொடுத்தது. அச்சகத்துக்குப் பக்கத்தில் குகனின் கடை. அங்கே ஒரு மூலையில் மொட்டைத்தலை வெள்ளைக்கார முதியவர் ஒருவர் ஆட்டிறைச்சி ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குகன் அவரை 'ரோல்ஸ் மெசியூ', அதாவது ரோல்ஸ் ஐயா, என்பான். வாராவாரம் வருகிறவர். நானும் பலமுறை கண்டிருக்கிறேன். அன்று அவர் மேசையில் தாளம் போட்டார். அந்தத் தாளத்தை எனக்குத் தெரியும். விரல்களைப் பார்த்தேன். பிறகு முகத்தைப் பார்த்து, அதில் தோள்வரை முடியை மனதால் ஒட்டிப் பார்த்தேன். என் கையிலிருந்த சட்னிக் கிண்ணம் கவிழ்ந்தது.

ரெஜ் பான்வெல். 'ஈரக் குடைகள்' என்று பொருள்படும் பெயருடைய ஆங்கில ரொக் குழுவுக்குப் பாட்டு எழுதி, கிற்றார் வாசித்தவர். ஒரு காலத்தில் இங்கிலாந்தின் குளியலறைகளிலெல்லாம் அவருடைய பாட்டுத்தான் கேட்டதாம். என் கசெட் தேய்ந்து அறுந்ததே அவரால்தான்.

அவருடைய பிரெஞ்சு ஆங்கிலச் சப்பாத்து போட்டது. என்னுடையது யாழ்ப்பாணச் செருப்பு போட்டது. இரண்டு பேரும் இரண்டு பக்கத்திலிருந்து அந்த மொழியை மிதித்து ஒருவாறு பேசிக்கொண்டோம். எங்கள் ஆண்டு விழாவுக்குப் பிரதம விருந்தினராக வர வேண்டும், என் மாணவர்களோடு ஒரு பாட்டு வாசிக்க வேண்டும் என்று கேட்டேன். கடைசியாக மேடையேறி எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன, தன்னை இப்போது ஒருவருக்கும் தெரியாது என்றார். பிறகு, "ரோல்ஸ் இருக்குமா?" என்று கேட்டார். இருக்கும் என்றேன். ஒத்துக்கொண்டார்.

அவருடைய வரலாற்றைத் தமிழில் எழுதி மேடையில் வாசித்து, பரமநாதன் அண்ணையின் கேள்விக்கு ஊரறியப் பதில் சொல்வதுதான் என் திட்டம். 'நல்லாய் வந்தவர்' ஒருவரை உயிரோடு கொண்டுவந்து நிறுத்துவேன்! (இந்த 'உயிரோடு' என்ற சொல்லைத்தான் பிறகு கோட்டை விட்டேன்.)

தோசைக்கடையில் இருத்தி வைத்து அவருடைய வாழ்க்கையைக் கேட்டு எழுதினேன். மழை விடாத ஒரு வட இங்கிலாந்து நகரத்தில் பிறந்தவர். அப்பா பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை. அப்பாவின் சைக்கிளை அவருக்குத் தெரியாமல் கொடுத்து, முதல் கிற்றாரை மாற்றி எடுத்திருக்கிறார். அவருக்குப் புகழ் தந்த பாட்டை எழுதியது ரயிலின் கழிப்பறையில். ரிக்கற் இல்லாமல் ஏறியதால் பரிசோதகர் போகும்வரை உள்ளே பூட்டிக்கொண்டு இருந்தபோது எழுதியதாம். பிறகு மேடையிலேயே டிரம்ஸ்காரரோடு சண்டை. தன் சாண்ட்விச்சை அவர் சாப்பிட்டுவிட்டார் என்பதுதான் காரணம். குழு உடைந்தது. பத்திரிகைகள் கை கழுவின. வேறு பாடகர்களுக்குப் பெயர் இல்லாமல் பாட்டு எழுதிக்கொடுத்துக் காலம் தள்ளினார். மூன்று கலியாணம். மூன்றாவது மனைவி பிரெஞ்சுக்காரி, அவருக்குப் பின்னால் இவரும் பாரிஸுக்கு வந்துவிட்டார்.

இந்த வாழ்க்கையைப் பரமநாதன் அண்ணைக்கு முன்னால் எப்படி வாசிப்பது? வேறு ஒருவர் என்றால் அந்த இடத்திலேயே கைவிட்டிருப்பார். நானோ கல்வெட்டுக்காரி. ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். சைக்கிள் சமாசாரம், 'தந்தையாரின் உடைமைகளைக் கலைக்கு அர்ப்பணித்தார்' என்று ஆனது. கழிப்பறை, 'பயணத்தின்போதும் தனிமையை நாடித் தவமிருந்து பாடல் புனைவார்' என்று ஆனது. சாண்ட்விச், 'கொள்கை முரண்பாடு'. மூன்று கலியாணத்துக்கு, 'மும்முறை இல்லறம் புகுந்து மூன்று குடும்பங்களுக்கும் உறவுப் பாலமாக விளங்கினார்' என்று எழுதியபோது என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பிறகு விளம்பரத்தாள். அன்றைக்குக் கடையில் சனம் நெரிந்தது. ஒருவர் சாமத்திய வீட்டுக் கார்டில் பிள்ளையின் படம் கறுப்பாக விழுந்திருக்கிறது என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். நான் அவசரத்தில் கைக்குப் பழகிய மாதிரிப் பக்கத்தைத் திறந்தேன். மேலே இருந்த 'கண்ணீர் அஞ்சலி'யை எடுத்துவிட்டேன். அவ்வளவு புத்தி இருந்தது. ரெஜ்ஜின் நீள்முடிக் காலத்துப் படத்தைச் சட்டத்துக்குள் இட்டேன். இடது பெட்டியில் பிறந்த ஊர். வலது பெட்டியில் விழாவின் நாள், நேரம், மண்டபம். பெட்டியின் தலைப்பைப் பிறகு மாற்றலாம் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. மாற்றியதுதான் ஞாபகம் இல்லை.

தாள் லாச்சப்பல் கடைக் கண்ணாடிகளிலெல்லாம் ஏறியது. நானும் போகும்போதும் வரும்போதும் பார்த்துப் பூரித்தேன். மாலையும் விளக்கும் நாள் முழுக்கப் பார்க்கும் கண்ணுக்கு எங்கே தெரியப்போகிறது? ஆனால் அந்த இரண்டு மூன்று நாளும் சனம் என்னோடு வழக்கத்துக்கு மாறாகப் பழகியது. மரக்கறிக்கடை அக்கா என் கையைப் பிடித்து, மனதைத் தளரவிடாதே என்றார். புறநகர் எபினேயிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு மாணவியின் தாய் என்னைக் கட்டிப்பிடித்து விம்மினார். கிற்றார் வகுப்பை மூடப்போகிற செய்தி பரவிவிட்டது, என் சனத்துக்கு என்மேல் எவ்வளவு பாசம் என்று நானும் சேர்ந்து கண் கலங்கினேன்.

ஞாயிறு வந்தது. நம்முடைய விழாக்களில் மூன்று மணி என்றால் ஐந்து மணி என்பது சட்டம். ஐந்து மணிக்கும் நிர்வாகக் குழுவும் ஒலிபெருக்கிக்காரரும் மட்டும் இருப்பார்கள். நான் இரண்டரைக்கு மண்டபக் கதவைத் திறந்தபோது உள்ளே காலியாக ஒரு கதிரைகூட இல்லை. சுவரோரம் நின்றார்கள். புறநகர் ஒபர்வில்லியேயிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். வெல்லப்போகிறேன் என்று என் நெஞ்சு விம்மியது. ஆண்டு விழாவுக்கு ஏன் எல்லோரும் வெள்ளை உடுத்தி வந்திருக்கிறார்கள் என்ற கேள்வி கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.

மேடையில் ரெஜ்ஜின் படம் ஆளுயரத்துக்கு நின்றது. அதற்கு உண்மையான மாலை. முன்னால் உண்மையான குத்துவிளக்கு. காலடியில் ஒரு மலர்வளையம். பரமநாதன் அண்ணை கைகளைக் கட்டிக்கொண்டு என்னிடம் வந்து, நெஞ்சு வலியோ என்று தாழ்ந்த குரலில் கேட்டார். எனக்கு ஒரு வலியும் இல்லை என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, மடித்து வைத்திருந்த விளம்பரத்தாளைக் காட்டினார்.

அப்போதுதான் அதை முதன்முறையாக வாசித்தேன். 'உதிர்வு: ஞாயிறு பிற்பகல் மூன்று மணி.' மண்டபத்தின் பெயர். அருகிலுள்ள மெற்றோ நிலையம். அதன் கீழே, 'அனைவரும் குடும்ப சமேதராய் வருகை தந்து சிறப்பிக்கவும்.' ஒரு மனிதரைச் சாகடித்தது மட்டுமல்ல, அவர் எங்கே எத்தனை மணிக்குச் சாகப்போகிறார், அதற்கு எந்த மெற்றோவில் இறங்க வேண்டும் என்றும் ஊருக்கு அறிவித்திருந்தேன்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்றேன் அழாக்குறையாக.

"நீ மனம் உடைஞ்சு இருப்பாய் எண்டு போன் எடுக்கேல்லை, பிள்ளை" என்றார் பரமநாதன் அண்ணை. "திகதி பிழை எண்டு விளங்கினது. உங்கட அச்சகத்திலை அது வழமைதானே."

கலியாணத்துக்கு வராதவரை நாங்கள் மன்னிப்போம். செத்தவீட்டுக்கு வராதவரைத் தலைமுறைக்கும் மன்னிக்க மாட்டோம். அதுதான் இவ்வளவு சனம், அதுவும் நேரத்துக்கு. உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். வேலை விடுப்பு எடுத்து வந்தவர்கள் என்னைச் சும்மா விடுவார்களா? கிற்றார் வகுப்பு அன்றோடு சரி. லாச்சப்பலில் தலை காட்ட முடியாது. என் கால்கள் கதவைப் பார்த்துத் திரும்பின. அந்தக் கதவால் ரெஜ் பான்வெல் உள்ளே வந்தார்.

கிளிப்படம் போட்ட சட்டை, முதுகில் கிற்றார், முகம் நிறையச் சிரிப்பு. சனம் அவரைப் பார்த்தது. படத்தைப் பார்த்தது. படத்தில் தோள்வரை முடி, இவருக்கு மொட்டை. ஆனால் மூக்கு ஒன்று. செத்தவரின் தமையன் வந்துவிட்டார் என்று மண்டபம் ஒரே மனதாக முடிவு செய்தது. முன்வரிசையில் இடம் கொடுத்து இருத்தினார்கள். வரிசை கட்டி வந்து ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்தார்கள். ஒரு முதிய அம்மா அவர் தோளில் முகம் புதைத்து அழுதார். ரெஜ் அவருடைய முதுகைத் தட்டிக்கொடுத்தபடி, தமிழ் ரசிகர்களைப் போல உணர்ச்சியுள்ள ரசிகர்களைத் தான் கண்டதில்லை என்று என்னிடம் பிரெஞ்சில் சொன்னார். எல்லோருக்கும் 'மெர்சி, மெர்சி' என்றார்.

குகனின் முறை வந்தபோது அவன் கையைப் பிடித்தபடியே நின்றுவிட்டான்.

"அக்கா, இது எங்கட ரோல்ஸ் மெசியூ எல்லே? இவற்ர தம்பியோ செத்தது?"

எனக்கு முன்பே என் மகள் நிலா வாய் திறந்தாள். அவளுக்கு வீட்டில் தமிழில் கேட்டால் பிரெஞ்சில்தான் பதில் வரும். அன்றும் அவள் கிற்றாரைக் கட்டிப்பிடித்தபடி, ரெஜ்ஜைச் சுட்டி, அவருக்கு நன்றாக விளங்கும் பிரெஞ்சில், இவர் செத்துவிட்டார் என்று எல்லோரும் சொல்கிறார்களே, உண்மையா என்று கேட்டாள். ரெஜ்ஜின் சிரிப்பு நின்றது. யார் செத்தது என்று என்னிடம் கேட்டார்.

"நீங்கள்" என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மாதிரிப் பக்கம், மாலை, விளக்கு, இரண்டு பெட்டி, மிருதங்கம், எல்லாம். அவர் படத்தைப் பார்த்தார். திரும்பி மண்டபத்தைப் பார்த்தார். அவர் எழுந்து போயிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. தன்னுடைய கலை வாழ்க்கை முடிந்துவிட்டது என்று லண்டன் பத்திரிகைகள் எழுதிய நாளில் தன் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை என்றார். டிரம்ஸ்காரர்கூட வரவில்லையாம்.

"இவ்வளவு பேரும் எனக்காகவா அழுகிறார்கள்?"

"ஓம்" என்று தமிழிலேயே ஆமோதித்தேன். பிரெஞ்சு மறந்துவிட்டது.

"அப்படியென்றால் அவசரப்பட்டு என்னை எழுப்பாதே. முதலில் வாசி. நான் கேட்க வேண்டும்."

மேடையேறினேன். அப்படி ஒரு வாசிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் வாசித்ததில்லை. 'அன்னார்' என்று தொடங்கியதுமே பெண்கள் பக்கத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. தந்தையாரின் உடைமையைக் கலைக்கு அர்ப்பணித்த இடத்தில் மரக்கறிக்கடை அக்கா உடைந்துவிட்டார். தனிமையில் தவமிருந்த இடத்தில் ஆண்களும் தலை குனிந்தார்கள். உறவுப் பாலத்துக்குப் பரமநாதன் அண்ணையே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரெஜ்ஜுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. தன் பெயர் வரும் இடங்களில் மட்டும் நிமிர்ந்தார். ஆனால் அவருடைய கன்னமும் நனைந்திருந்தது. அதைக் கண்டதும் எனக்குப் பயம் முழுவதும் போய்விட்டது. பெரிய சந்தோஷம் ஒன்று வந்தது. இந்த மனிதருக்கு இது கிடைக்க வேண்டியதுதான் என்று தோன்றியது. வாசித்து முடித்து, தாளை மடித்து, ஒலிவாங்கியை இன்னும் கிட்ட இழுத்தேன்.

"அன்னார் இப்போது கிற்றார் வாசிப்பார்."

ரெஜ் முன்வரிசையிலிருந்து எழுந்தார். நிதானமாகப் படியேறினார். தன்னுடைய படத்துக்குப் பக்கத்தில் போய் நின்று, மூக்கு ஒன்றுதான் என்பதை எல்லோரும் சரிபார்க்கும்படி பக்கவாட்டில் திரும்பிக் காட்டினார். கிற்றார் வயரை ஒலிபெருக்கியில் குத்தினார். துக்கம் விசாரித்த முதிய அம்மா, "ஐயோ, இவர்தானே நான் கட்டிப்பிடிச்சு அழுதது" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

முதலில் கை தட்டியது குகன். அவனுக்குத் தன் வாடிக்கையாளர் திரும்பி வந்த மகிழ்ச்சி. பிறகு ஒரு பக்கம், பிறகு மற்றப் பக்கம், பிறகு மண்டபம் முழுவதும். துக்கத்துக்கென்று கொண்டுவந்த கண்ணீர் மிச்சமிருந்தவர்கள் அதைச் சிரிப்புக்குச் செலவழித்தார்கள். ரெஜ் நெஞ்சில் கை வைத்து, கடைசியாக நடத்திய கச்சேரிகள் எதற்கும் இதில் பாதிக் கூட்டம்கூட வரவில்லை, முன்பே தெரிந்திருந்தால் எப்போதோ செத்திருப்பேன் என்றார். நான் மொழிபெயர்த்தேன். விசில் பறந்தது.

என் நாலைந்து பிள்ளைகளும் அவருக்குப் பக்கத்தில் நின்றார்கள். அந்த ரயில் கழிப்பறைப் பாட்டை வாசித்தார்கள். நிலா இரண்டு இடத்தில் பிழை விட்டாள். அந்தப் பிழையை ரெஜ்ஜும் அடுத்த சுற்றில் அப்படியே வாசித்து, அதைப் பாட்டின் பகுதியாக்கிவிட்டார். அவள் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் வேறு எதற்கும் மாற்றித் தர மாட்டேன். மலர்வளையம் கொண்டுவந்தவர் அதை வீணாக்க மனமில்லாமல் மேடையேறி ரெஜ்ஜின் கழுத்தில் போட்டார். அது பெரிதாக இருந்ததால் இடுப்பில் போய் நின்றது. வளையத்தோடேயே இன்னும் இரண்டு பாட்டு வாசித்தார்.

நன்றியுரைக்குப் பரமநாதன் அண்ணை வந்தார். கையில் இருந்தது அனுதாப உரை. அதைப் பார்த்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். சபை அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் பிள்ளைகளின் கைகளைப் பிடித்தபடி நின்றேன்.

"செத்த மனிசனை எழுப்பி வாசிக்க வைக்கிற வாத்தியத்துக்கு நாங்கள் ஒரு அறை குடுக்காமல் விடேலாது" என்றார். "மிருதங்கத்துக்கு வேறை இடம் பாப்பம்."

கீழே இறங்கியபோது எனக்கு முன்னால் மறுபடி ஒரு வரிசை. துக்கம் விசாரிக்க அல்ல, பிள்ளைகளை வகுப்பில் சேர்க்க. முதிய அம்மா தன்னுடைய பேரனைத் தரதரவென்று இழுத்து வந்திருந்தார். அவனுக்கு விருப்பமா என்று கேட்டேன். அதை ஏன் அவனிடம் கேட்கிறாய் என்றார்.

இப்போது கிற்றார் வகுப்பு இரண்டு அறையில் நடக்கிறது. ஆண்டு விழாவுக்கு ஒவ்வொரு வருடமும் ரெஜ் வருகிறார். விளம்பரத்தாளில் வலது பெட்டியின் தலைப்பை மாற்ற அவர் இன்றுவரை சம்மதிக்கவில்லை. மாற்றினால் சனம் நேரத்துக்கு வராது என்று பரமநாதன் அண்ணையும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். முதலாவது தாள் ரெஜ்ஜின் வரவேற்பறையில், இங்கிலாந்தில் வாங்கிய விருதுகளுக்கு மேலே தொங்குகிறது.

எங்கள் வீட்டில் நான்தான் அகப்பட்டேன். என் கணவர் குளிக்கப் போனால், 'அன்னார் இப்போது குளிப்பார்' என்று அறிவித்துவிட்டுத்தான் போவார். நான் சமையலில் உப்பைக் கூட்டிவிட்டால், 'உதிர்வு எத்தனை மணிக்கு?' என்று கேட்பார். விருந்தாளிகள் வந்தால் முழுக் கதையும் முதலிலிருந்து நடக்கும். முதிய அம்மாவாக நிலா நடிப்பாள். தமிழில் இவ்வளவு நீளமாக அவள் பேசுவது அந்த ஒரு வேடத்தில் மட்டும்தான்.

ரெஜ்ஜுக்கும் ஒரு தமிழ்ச் சொல் வந்துவிட்டது. அதைத் தன்னுடைய பட்டம் என்று வைத்துக்கொண்டார். வகுப்பு நாளான சனிக்கிழமை காலையில் வீட்டுத் தொலைபேசி அடிக்கும். நிலா எடுப்பாள். எதிர்முனையில் வட இங்கிலாந்து மழை ஊறிய குரல், "பொன்ஜூர், அன்னார்" என்று சொல்லும். அவள் ரிசீவரைப் பொத்திக்கொண்டு நான் சமைத்துக்கொண்டிருக்கும் குசினிப் பக்கம் திரும்பிக் கத்துவாள்.

"அம்மா, அன்னார் வெளிக்கிட்டிட்டாராம். ரோல்ஸ் சூடாய் வேணுமாம்."